கோபம் தணிவதற்குள்

கண்டியின் கடைசி ராஜா ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் பிடிபட்ட பிறகு மேஜர் ஹூக் என்கிற ஆங்கிலேய அதிகாரியிடம் சொன்னதாக ஒரு பேச்சு உண்டு. அந்தக் காலத்தில் இலங்கையில் வேலைபார்த்த ராணுவ மருத்துவர் ஹென்றி மார்ஷல் அதைப் பதிவு செய்திருக்கிறார். உங்கள் கவர்னர்களுக்கு எங்களுக்கு இல்லாத ஒரு வசதி இருக்கிறது, ஆத்திரத்தில் எதையும் செய்துவிடாமல் தடுக்கிற ஆலோசகர்கள் பக்கத்திலேயே இருக்கிறார்கள், எங்களுக்கு அப்படி இல்லை, எங்கள் கோபம் தணிவதற்குள் குற்றவாளி செத்துப்போய்விடுகிறான். சாரம் இவ்வளவுதான். படித்ததும் முதலில் சிரிப்புதான் வந்தது, இவ்வளவு சுலபமாக ஒரு மனிதர் தன் கணக்கை முடித்துக்கொள்ள முடியுமா என்று. அப்புறம் அந்தச் சிரிப்பு நிற்கவில்லை. தோற்றுப்போனவர் சொல்கிற சாக்கா இது, இல்லை அவர் தன்னைப் பற்றிச் சொன்ன ஒரே உண்மையா?

நான் வேலூர்க்காரன். பாலாற்றங்கரையில் இருக்கிற முத்து மண்டபம் எங்களுக்குப் புதிதல்ல. சின்ன வயதில் அங்கே யாருடைய சமாதி என்று கேட்டால் பெரியவர்கள் "சிலோன் ராஜா" என்பார்கள், பேச்சு அதோடு முடிந்துவிடும். இப்போது அப்படி முடிவதில்லை. ஜனவரி 30, அவர் இறந்த நாள் வந்தால் வாட்ஸ்அப் நிரம்பி வழிகிறது. இலங்கையின் கடைசித் தமிழ் மன்னன், துரோகத்தால் வீழ்த்தப்பட்ட மாவீரன், இத்யாதி. ஒரு வருஷம் அதில் ஒன்றை, அலுவலகத்தில் என்னோடு வேலைபார்த்த கண்டிக்காரர் ஒருவருக்கு நானே அனுப்பிவைத்தேன். அவர் கோபப்படவில்லை, "எங்கள் ஊரில் அவர் பெயரைச் சொன்னால் குழந்தைகளுக்கு ஞாபகம் வருவது ஒரு சின்னப் பையனின் தலை" என்று மட்டும் பதில் போட்டார். என்னிடம் இருந்தது ஒரு ரெடிமேட் கதை, அவரிடம் இருந்தது இன்னொன்று. இந்த இரண்டுக்கும் நடுவில் மார்ஷல் எழுதிவைத்த அந்தப் பேச்சு முள்ளாகக் கிடக்கிறது. (ராஜா தமிழரா என்ற சண்டைக்கு நான் வரவில்லை. மதுரைப் பக்கத்து நாயக்கர் வழி, வீட்டு மொழி தெலுங்கு, தமிழும் புழங்கிய அரண்மனை. போதும்.)

பதினெட்டு வயதில் கிடைத்த சிம்மாசனம்

1739-ல் இருந்தே கண்டியை ஆண்டது நாயக்கர்கள்தான். அதற்கு முன்பு கண்டி ராஜாக்கள் பெண்ணெடுத்தது மதுரைப் பக்கம். ஒரு ராஜாவுக்கு வாரிசு இல்லாமல் போனபோது ராணியின் தம்பியே அரியணைக்கு வந்தார், வம்சம் மாறியது. 1798-ல் ராஜாதி ராஜசிங்கன் பிள்ளையில்லாமல் இறந்தார். முறைப்படி பார்த்தால் முத்துசாமி என்பவருக்குத்தான் வாய்ப்பு அதிகம், இறந்த ராஜாவின் மைத்துனர் அவர். ஆனால் முதல் அதிகார் பதவியிலிருந்த, அதாவது முதல் மந்திரியாக இருந்த பிலிமத்தலாவ தேர்ந்தெடுத்தது கண்ணுசாமி என்ற பதினெட்டு வயதுப் பையனை. பின்பலம் இல்லாத பையன், சொன்னபடி கேட்பான், ஒருநாள் இறக்கிவிட்டுத் தானே ஏறிக்கொள்ளலாம் என்பது கணக்கு. இது பிற்காலத்தவர் கட்டிய கதை என்றுகூடச் சொல்ல முடியாது. மறு வருஷமே பிலிமத்தலாவ ஆங்கிலேய கவர்னர் ஃபிரெடெரிக் நார்த்தோடு அவிசாவளைப் பக்கம் ரகசியமாகப் பேச ஆரம்பித்துவிட்டார், ராஜாவை அகற்றுவது பற்றி.

அந்தப் பேச்சுவார்த்தைகளின் நுணுக்கங்களுக்குள் போனால் கட்டுரை முடியாது. விளைவு 1803 போர். புத்தளத்து முஸ்லிம் வியாபாரிகளின் பாக்கைக் கண்டியார் பறித்துக்கொண்டார்கள் என்பது சாக்கு. ஆங்கிலேயர் படை கண்டிக்குள் நுழைந்தபோது நகரம் காலி. ராஜா ஹங்குரன்கெத்தவுக்குப் போயிருந்தார். முத்துசாமியைக் கொண்டுவந்து முடிசூட்டினார்கள், ஆனால் அவரை ராஜா என்று ஏற்க ஓர் ஆள் வரவில்லை. காய்ச்சல் படையைத் தின்றது. ஜூன் மாதம் மேஜர் டேவி சரணடைந்தார், முத்துசாமி ஒப்படைக்கப்பட்டுக் கொல்லப்பட்டார், மகாவலிக் கரையில் ஆங்கிலேயச் சிப்பாய்கள் கூட்டமாக வெட்டப்பட்டார்கள். இருபத்து மூன்று வயதில் ஐரோப்பியப் படை ஒன்றைத் தோற்கடித்த ராஜா. ஆனால் அந்த வெற்றியில் அவர் கற்றுக்கொண்ட பாடம் வெளியிலிருந்து வந்தவர்களைப் பற்றியது அல்ல என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. தன்னைச் சிம்மாசனத்தில் உட்காரவைத்த கைதான் எதிரியையும் வரவழைத்தது என்று அவருக்குத் தெரிந்துபோயிற்று. அந்தக் கையைப் பக்கத்திலேயே வைத்துக்கொண்டு இன்னும் பல வருஷம் ஆள வேண்டியிருந்தது.

கவனித்துப் பாருங்கள், இங்கே அவர் அவசரப்படவே இல்லை. பிலிமத்தலாவ தன் மகனுக்கு பழைய ராஜா கீர்த்தி ஸ்ரீயின் பேத்தி முறையான பெண்ணைக் கட்டிவைக்கப் பார்த்தார், அதன் அர்த்தம் யாருக்கும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அப்போதும் பதவிதான் போனது, தலை போகவில்லை. அரண்மனைக் காவலில் இருந்த மலாய்க்காரர்களை வைத்து ராஜாவைக் கொல்ல ஏற்பாடு செய்தது வெளியான பிறகுதான், 1811-ல், மரண தண்டனை. தன் கோபத்தை இத்தனை வருஷம் அடக்கிவைத்திருந்த ஒருவர்தான் பின்னால், கோபம் தணிவதற்குள் எல்லாம் முடிந்துவிடுகிறது என்கிறார்.

விழுந்து கும்பிடுகிறவர்கள்

கண்டி தர்பாரைப் பற்றி ஐரோப்பியர்கள் எழுதிய எதை எடுத்தாலும் ஒரு காட்சி தப்பாமல் வரும். பிரதானிகள் ராஜாவுக்கு முன்னால் நெடுஞ்சாண்கிடையாக விழுவார்கள், பிறகு முழங்காலில் நின்றபடியே பேசுவார்கள். நாட்டின் நிலமெல்லாம் ராஜாவுடையது, அதில் பயிர்செய்கிறவன் அதற்கு ஈடாக ராஜகாரியம் என்ற பெயரில் ஊழியம் செய்ய வேண்டும். இன்று சுற்றுலாப் பயணிகள் படம் எடுத்துத் தள்ளும் கண்டி வாவி வயலாக இருந்த இடம். 1812 வாக்கில் அது முடிந்தபோது உழைத்தவர்களுக்கும் பிரதானிகளுக்கும் அதன்மேல் எரிச்சல்தான் இருந்தது. தலதா மாளிகையின் எண்கோண மண்டபமும் இவர் காலத்தது. கட்டியவர் தேவேந்திர மூலாச்சாரி. அழகான வேலை, அதில் சந்தேகமில்லை. கூலியில்லாத வேலை என்பதிலும் இல்லை.

இதையெல்லாம் பார்த்து எல்லையில்லாத அதிகாரம் என்று முடிவுகட்டிவிடலாம். ஆங்கிலேய அதிகாரி ஜான் டாய்லி அப்படிக் கட்டவில்லை. சிங்களம் நன்றாகக் கற்று, பிக்குகள், வியாபாரிகள், அதிருப்தியான பிரதானிகள் என்று கண்டி முழுக்க ஒற்றர் வலை பின்னி, அந்த ராஜ்யத்தை உள்ளிருந்தே கழற்றியவர் அவர். கண்டி அரசமைப்பு பற்றி அவர் எழுதிய குறிப்பில், ராஜாவின் அதிகாரம் முழுமையானது என்று ஆரம்பித்துவிட்டு, முக்கியமான காரியம் எதுவானாலும் பிரதானிகளையும் பல சமயம் மூத்த பிக்குகளையும் கலந்துகொள்வது வழக்கம் என்று சேர்த்துக்கொள்கிறார். ஆக ஆலோசகர் இல்லை என்று ராஜா சொன்னது நேரடியாகப் பார்த்தால் பொய். ஆலோசகர்கள் இருந்தார்கள். ஆனால் ஒவ்வொருவருக்கும் ஒரு மாகாணம் கையில், ஒரு படை கையில், ராஜா விழுந்தால் தனக்கு என்ன என்ற கேள்வி மனதில். அவர்களில் ஒருவர் வந்து "மகாராஜா, அவசரம் வேண்டாம்" என்று சொல்லியிருந்தால், இவர் ஏன் இப்படிச் சொல்கிறார், யாருக்காகச் சொல்கிறார் என்றுதான் ராஜா யோசித்திருப்பார். நாயக்கர் உறவினர்கள் குமாருப்பே வீதியில் தனிக் குடியிருப்பாக இருந்தார்கள், அவர்கள் பேச்சை ராஜா கேட்டால் பிரதானிகளுக்குப் பொறுக்காது. அதிகாரம் முழுவதும் ஒருவரிடம் குவிந்திருக்கிற இடத்தில் நல்ல புத்தி சொல்வதுகூட ஒரு கட்சியின் நகர்வாகத்தான் தெரியும். எங்கள் பழைய மேலாளர் ஒருவரிடம் இதைப் பார்த்திருக்கிறேன்; மறுத்துப் பேசினால் வேறு கம்பெனியில் இன்டர்வியூ முடித்துவிட்டாயா என்பார். அவரால் போனது சம்பள உயர்வுதான், யார் தலையும் இல்லை.

1814, மே

இப்போது அந்தப் பையனின் தலைக்கு வர வேண்டும், தள்ளிப்போட முடியாது.

பிலிமத்தலாவவுக்குப் பிறகு முதல் அதிகாராக வந்தவர் எஹலேபொல. சப்ரகமுவவின் திசாவையும், அதாவது அந்த மாகாணத்தை ஆள்கிறவரும், அவரே. அந்த மாகாணத்தின் எல்லை ஆங்கிலேயப் பகுதியைத் தொட்டுக்கொண்டிருந்தது, டாய்லியின் கடிதங்கள் எல்லை தாண்டிப் போய்வந்துகொண்டிருந்தன. கண்டியில் ஒரு பழைய ஏற்பாடு இருந்தது. திசாவை தன் மாகாணத்துக்குப் போகும்போது மனைவி மக்கள் தலைநகரிலேயே இருப்பார்கள். மரியாதைக்காக இருக்கிறார்கள் என்பது பேச்சு, பிணைக்காக இருக்கிறார்கள் என்பது எல்லோருக்கும் தெரிந்தது. 1814-ல் ராஜா எஹலேபொலவைக் கண்டிக்கு வரச் சொல்லி ஆள் அனுப்பினார். எஹலேபொல வரவில்லை. கலகம் செய்தார், ராஜாவின் படை மொல்லிகொட என்ற இன்னொரு பிரதானியின் தலைமையில் வந்ததும் கலகம் நொறுங்கியது, அவர் எல்லையைக் கடந்து கொழும்புக்குப் போய் ஆங்கிலேயரிடம் சேர்ந்தார். குடும்பம் கண்டியில் இருந்தது.

மே 17 அன்று, நாத தேவாலயத்துக்கும் விஷ்ணு தேவாலயத்துக்கும் அருகே, எல்லோரும் பார்க்க, எஹலேபொலவின் பிள்ளைகளின் தலைகளை வெட்டினார்கள். மூத்தவன் பயந்து தாயைக் கட்டிக்கொண்டான் என்றும், இளையவன் மத்தும பண்டார, எட்டோ ஒன்பதோ வயதுப் பையன், அண்ணனைத் தேற்றிவிட்டு, எப்படிச் சாவது என்று நான் காட்டுகிறேன் என்று முன்னால் போனான் என்றும் சொல்கிறார்கள். வெட்டிய தலைகளை உரலில் போட்டு இடிக்கத் தாயைக் கட்டாயப்படுத்தினார்கள் என்பது மிக அதிகமாகப் பரவிய பகுதி. பிறகு அவரையும் குடும்பத்துப் பெண்களையும் போகம்பரை ஏரியில் மூழ்கடித்தார்கள். இரண்டு நாள் கண்டியில் யார் வீட்டிலும் அடுப்பெரியவில்லை என்று எழுதியிருக்கிறார் ஜான் டேவி. இவர் 1803-ல் சரணடைந்த மேஜர் டேவி அல்ல, மார்ஷலைப் போல ராணுவ மருத்துவர், இலங்கைக்கு வந்தது 1816-ல், எல்லாம் முடிந்த பிறகு. கேட்டதை எழுதியிருக்கிறார், கேட்டதும் ஜெயித்தவர்கள் பக்கமிருந்து. அதனால் உரல் விஷயத்தில் நான் சந்தேகத்தை ஒதுக்கி வைக்க மாட்டேன். ஆனால் பிள்ளைகள் கொல்லப்பட்டதில் சந்தேகம் வைக்க இடமே இல்லை. நம் பக்கத்து ஃபார்வர்டுகள் இந்த இடத்தை வெள்ளைக்காரன் கட்டிவிட்ட கதை என்று ஒரே வரியில் தாண்டிவிடுகின்றன. எனக்கு அந்தத் துணிச்சல் வரவில்லை.

இந்தக் கட்டத்துக்கு வந்துதான் ராஜாவின் பேச்சு எனக்குப் பிடிபட ஆரம்பித்தது, அதாவது அது எங்கே பொய்யாகிறது என்று. ஆத்திரத்தில் செய்தது அல்ல இது. ஆள் அனுப்பி, வராததைப் பார்த்து, படை அனுப்பி, கலகம் அடங்கி, எதிரி தப்பிப்போன சேதி வந்து சேர்ந்த பிறகு, இடமும் நேரமும் குறித்துச் செய்தது. கோபம் தணிவதற்குத் தேவையான நாள்கள் எல்லாம் இருந்தன. பிணை என்ற ஏற்பாட்டுக்கே ஒரு கணக்கு உண்டு. பிணையாக வைத்தவர்களைக் கொல்ல மாட்டார் என்று தெரிந்துவிட்டால் அடுத்த திசாவையும் எல்லை தாண்டுவார். ஆக ஒருமுறையாவது செய்துகாட்ட வேண்டும். செய்துகாட்டினார். அந்தக் கணக்கின் அடுத்த வரிதான் அவருக்குத் தெரியவில்லை. செய்துகாட்டிய பிறகு மற்ற திசாவைகள் விசுவாசம் கற்றுக்கொள்ளவில்லை, ஜாக்கிரதை கற்றுக்கொண்டார்கள். எஹலேபொலவின் இடத்தில் முதல் அதிகாராக வந்த மொல்லிகொட மறு வருஷம் ஆங்கிலேயர் படை வந்தபோது தானும் கட்சி மாறினார், ஆனால் தன் குடும்பம் ராஜாவின் கைக்கு எட்டாத இடத்துக்குப் போய்விட்டது என்று தெரிந்துகொண்ட பிறகு.

எஹலேபொல மேல் எனக்கு இருக்கிற வருத்தத்தையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். கண்டி வழக்கத்தை அவரைவிட நன்றாக அறிந்தவர் இருக்க முடியாது. மனைவி மக்கள் எங்கே இருக்கிறார்கள், தான் எல்லை தாண்டினால் என்ன ஆகும் என்பது அவருக்குத் தெரியும். ராஜா கூப்பிட்டபடி கண்டிக்குப் போனால் தன் தலை, போகாவிட்டால் அவர்கள் தலை. நாற்பது வயதுக்காரர் ஒருவர் தப்பித்த கதையில் துணிந்து நின்றவன் என்று பெயர் வாங்கியது அந்தக் குழந்தை.

சேதி கொண்டுவருகிறவன்

அதற்குப் பிறகு நடந்தது சரிவு, அதை வேகமாகவே சொல்லலாம். அந்த வருஷக் கடைசியில் ஆங்கிலேயப் பகுதியிலிருந்து கண்டிக்குள் வந்த வியாபாரிகள் பத்துப் பேரை ஒற்றர்கள் என்று பிடித்துக் கை காது மூக்கை அறுத்தார்கள். ஏழு பேர் இறந்தார்கள், மூன்று பேர் அறுத்த உறுப்புகள் கழுத்தில் தொங்கக் கொழும்பு வந்து சேர்ந்தார்கள். கவர்னர் பிரவுன்ரிக்குக்கு வேறென்ன வேண்டும்? 1815 ஜனவரி 10-ல் போர் அறிவிப்பு. போர் என்று சொல்வதே அதிகம். எதிரி எல்லை தாண்டிவிட்டான் என்று சேதி கொண்டுவந்தவனின் தலையை ராஜா வெட்டச் சொன்னார், ஏழு கோறளை மாகாணத்தில் நம் படை தோற்றது என்று வந்தவனைக் கழுவேற்றச் சொன்னார் என்று டேவி எழுதுகிறார். இதில் மிகை இருக்கலாம். ஆனால் பிப்ரவரி 14-ல் ஆங்கிலேயர் கிட்டத்தட்டச் சண்டையே இல்லாமல் கண்டிக்குள் நுழைந்தார்கள் என்பதில் மிகை இல்லை. 1803-ல் காட்டையும் காய்ச்சலையும் துணைக்கு வைத்துச் சண்டைபோட்ட பிரதானிகள் இந்தத் தடவை வழிகாட்டிக்கொண்டு வந்தார்கள். பிப்ரவரி 18-ல் மெதமகாநுவர பக்கம் ஒரு வீட்டில் ராணிகளோடு ஒளிந்திருந்த ராஜாவைப் பிடித்தது எஹலேபொலவின் ஆட்கள். கட்டி இழுத்தார்கள், ராணிகளின் காதிலிருந்து நகைகளைப் பிடுங்கினார்கள். டாய்லி வந்த பிறகுதான் பல்லக்கும் மரியாதையும்.

மார்ச் 2-ல் பிரதானிகள் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டார்கள். ராஜாவின் கொடுமைகள், விசாரணையில்லாத மரண தண்டனைகள் என்று ஆரம்பிக்கிறது அது. ராஜா பதவி நீக்கம், 'மலபார்' வம்சத்துக்கு, அதாவது நாயக்கர்களுக்கு, கண்டியில் இனி எந்த உரிமையும் இல்லை, ராஜ்யம் ஆங்கிலேய அரசருக்கு, புத்த மதம் காப்பாற்றப்படும். ராஜாவாகலாம் என்று நினைத்த எஹலேபொலவுக்குக் கிடைத்தது 'பிரிட்டிஷ் அரசின் நண்பர்' என்ற பட்டம். ராஜாவை 1816 ஜனவரியில் கார்ன்வாலிஸ் கப்பலில் ஏற்றிச் சென்னைக்கும், அங்கிருந்து எங்கள் ஊர்க் கோட்டைக்கும் கொண்டுவந்தார்கள். திப்புவின் குடும்பத்தை அடைத்துவைத்திருந்து, 1806 சிப்பாய்க் கலகத்துக்குப் பிறகு கல்கத்தாவுக்கு அனுப்பிவிட்ட கோட்டை அது. இன்னொரு ராஜ குடும்பத்துக்கு இடம் தயாராக இருந்தது. பதினாறு வருஷம் இங்கே இருந்து 1832-ல் இறந்தார்.

சரி, கோபத்தில் எதையும் செய்யவிடாத ஆலோசகர்கள் கொண்ட அந்த கவர்னர்கள்? ராஜா வேலூரில் இருக்கும்போதே, 1817-ல், கண்டி ராஜ்யத்தின் ஊவா மாகாணத்தில் கலகம் வெடித்தது. அதற்குத் தலைமை என்று வந்த வில்பாவே என்பவர் தன்னை நாயக்கர் வம்சத்துத் துரைசாமி என்று சொல்லிக்கொண்டார். இரண்டு வருஷத்துக்கு முன்பு காகிதத்தில் ஒழித்த வம்சத்தின் பெயரைச் சொன்னால்தான் ஜனங்கள் திரண்டார்கள்! அடக்கப் போன கெப்பெட்டிபொல கலகக்காரர்களோடு சேர்ந்துகொண்டார். ஏரியில் மூழ்கடிக்கப்பட்ட அந்தத் தாயின் சகோதரர் அவர். பிரவுன்ரிக்கின் படை ஊர்களை எரித்தது, நெல்லை அழித்தது, மாடுகளைக் கொன்றது. அதற்கெல்லாம் யோசனை, கடிதம், உத்தரவு, கையெழுத்து எல்லாம் இருந்தன. ஆத்திரம் கொஞ்சமும் இல்லை. கெப்பெட்டிபொலவின் தலை 1818 நவம்பரில் வெட்டப்பட்டது. அந்த மண்டையோட்டை எடிம்பரோவுக்குக் கொண்டுபோனவர் வேறு யாருமில்லை, ராஜாவின் பேச்சைப் பதிவு செய்த அதே ஹென்றி மார்ஷல். எஹலேபொலவைக் கைதுசெய்து கடைசியில் மொரீசியஸுக்கு அனுப்பினார்கள்.

அதே நவம்பரில் ஒரு பிரகடனம் வந்தது. பிரதானிகளின் அதிகாரங்கள் பெரும்பாலும் அதில் பிடுங்கப்பட்டன, அதைப் பற்றி எல்லோரும் எழுதியிருக்கிறார்கள். எனக்குப் பிடித்தது அதிலுள்ள ஒரு சின்ன விஷயம். அதிகாரத்தில் இருப்பவர் முன்னால் நெடுஞ்சாண்கிடையாக விழும் வழக்கம் இன்றோடு ஒழிக்கப்படுகிறது என்று பெருந்தன்மையாகச் சொல்லிவிட்டு, தர்பார் மண்டபத்துக்குள் நுழைகிற ஒவ்வொருவரும் அங்கே மாட்டியிருக்கும் இங்கிலாந்து அரசரின் படத்துக்கு வணக்கம் செலுத்த வேண்டும் என்கிறது அது.